அண்ணனின் பெட்டியில் குறைந்த முப்பத்தொரு அட்டைகள்

எங்கள் அண்ணன் கல்லறைத் தோட்டத்தில் இளைப்பாறத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். முன்பக்கங்களில் அண்ணனின் படத்தையும் பங்குத்தந்தையின் ஆசியுரையையும் பார்த்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையை அண்ணனின் மகன் ஜெரோம்தான் எழுதுவதாக இருந்தது. நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டேன். ஏன் என்று சிலருக்கு இப்போதே மூக்கில் வியர்த்திருக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் வியர்க்கும்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் குடும்பத்திலும் தெருவிலும் பாதிப்பேர் எட்டு ஆண்டுகளாக ஒரு மனிதரைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் தேங்காய்ப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மைதீன் காக்கா. அண்ணனின் தகரப் பெட்டியிலிருந்து முப்பத்தொரு அட்டைகளை அவர் களவாண்டார் என்பது பேச்சு. அவர் எடுக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை, அண்ணனின் வாழ்க்கையோடு சேர்த்து முறைப்படி சொல்கிறேன். நடுவில் பக்கத்தைப் புரட்டாமல் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது இனயத்தில். அப்பா கட்டுமரக்காரர். நான்கு பிள்ளைகளில் அண்ணன் மூத்தவர், நடுவில் இரண்டு அக்காமார், நான் கடைசி. மூத்த மகனைத் தொழிலில் பழக்க ஆசைப்பட்டு அப்பா மூன்று நாள் கடலுக்குக் கூட்டிப்போனார். மூன்று நாளும் அண்ணன் வாந்தியெடுத்தார். "இவன் கடலுக்கு ஆவமாட்டான், படிச்சிட்டுப் போவட்டு" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டதை அம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். அண்ணன் படித்தார். பிறகு வளைகுடா போனார். அங்கே ஒரு விமான நிலையத்தின் உதிரிபாகக் கிடங்கில் சுமை தூக்கச் சேர்ந்து, ஸ்டோர் கீப்பராக உயர்ந்து, தலை நரைத்துத் திரும்பினார். அக்காமார் கல்யாணமும் என் படிப்பும் அவர் உழைப்பு. இன்று நீங்கள் சாப்பிட உட்காரப்போகும் வீட்டின் கூரையும் அவர் போட்டதுதான். ஒருநாளும் அதை யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை.

அவருக்கு ஒரே ஒரு தொந்தரவு உண்டு. எந்தப் பொருளும் எண்ணுக்குச் சரியாக, வைத்த இடத்தில் இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்தால் அம்மாவின் உப்பு ஜாடியைக்கூட நகர்த்த விடமாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் இலையில் எத்தனை துண்டு மீன் என்று அவர் வாய் முணுமுணுக்கும். பேராசை இல்லை, பழக்கம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். பத்திர ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வேலையில் இருப்பவளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் வர வேண்டும். கைரேகை சரியா, சாட்சி நிஜமான ஆளா, செத்தவர் பெயரில் வேறு யாரும் வந்து நிற்கிறாரா என்று வருடக்கணக்காக முகம் பார்த்தவள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா? வீட்டிலும் அதே கண்தான்.

2004-இல் அண்ணன் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஏறி வந்தது. அன்று நடந்ததை இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நான் ஜெரோமின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பக்கம் ஓடினேன். அவன் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. திரும்பிப் பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில் அண்ணன் ஒரு கையால் தன் மனைவியை, எங்கள் மயினியை, இழுத்துக்கொண்டு, தோளில் ஒரு தகரப் பெட்டியோடு வருகிறார். மயினியின் நகை அலமாரியில் கிடந்தது. வீட்டுப் பத்திரம் அலமாரியில் கிடந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த மனிதர் அந்தப் பெட்டியை மட்டும் ஏன் தூக்கினார்? உயிர் தப்பினோமா இல்லையா என்று தெரியாத அந்த நேரத்திலும் என் மண்டைக்குள் அதுதான் ஓடியது.

அருமனையில் சித்தி வீட்டில் சில வாரம் தங்கினோம். சித்தப்பா ரப்பர் தோட்டக்காரர். ரப்பர் ஷீட் காயப்போடும் கொடியில், ஷீட்டுகளுக்கு நடுவே, பெட்டியில் நனைந்துபோன அட்டைகளை அண்ணன் ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். தடித்த காக்கி நிற அட்டைகள். கிடங்கில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒன்று மாட்டி வைப்பார்களாம். ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து, எண், குட்டியாக ஒரு விமானப் படம்.

"இது என்னது மக்கா, லாட்டரிச் சீட்டா?" என்று சித்தி கேட்டார்.

"விமானத்துக்க பேரு சித்தி."

"யாருக்க விமானம்?"

"இப்ப யாருக்கும் இல்ல."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கும் இல்லாத சொத்து என்று ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. அப்படிச் சொல்பவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் என் அனுபவம்.

ஊருக்குத் திரும்பி வீட்டைக் கழுவி எடுத்த பிறகு, மாதம் ஒரு தபால் இங்கிலாந்திலிருந்து வர ஆரம்பித்தது. அனுப்புவது ஹெலன் என்ற பெண். சரி, கல்ஃபில் இன்னொரு குடித்தனம் இருந்திருக்கிறது, அதுதான் இப்போது தபாலில் வருகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மயினியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். மயினி அரிவாள்மணையில் மீனை அறுத்தபடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தக் கெழவிக்கு எழுவத்தெட்டு வயசாச்சு. போட்டோ அனுப்பியிருக்கு, காட்டட்டா?"

"போட்டோ யாருக்க போட்டோவையும் அனுப்பலாம் மயினி."

"ஒனக்கு இந்த ஆபீஸ் புத்தி ஒருநாளும் போவாது ஏட்டி" என்று மயினி செதிலைச் சுரண்டப் போய்விட்டார். நான் விடவில்லை. ஒரு கடிதத்தைப் பிரித்து, அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். காதல் ஒன்றும் இல்லை. எண்கள்தான். எண்களைப் பற்றிச் சண்டை. அதற்காக என் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை, வேறு பக்கம் திரும்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேராகவே கேட்டுவிட்டேன். அண்ணன் ஒன்றும் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். மார்வுட் என்பது இங்கிலாந்தில் ஒரு கழிமுகத்து ஓரமாக இருந்த சின்ன விமானக் கம்பெனி. இரண்டு உலகப் போருக்கும் நடுவே, தண்ணீரில் இறங்கும் விமானம், தபால் விமானம் என்று கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு மூடிப்போனது. அண்ணன் வேலை பார்த்த இடத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கொட்டகை ஒன்றை இடித்தபோது, ஒரு அலமாரி நிறைய மார்வுட் சாமான்கள் கிடைத்தன. எம்.டபிள்யூ 9, எம்.டபிள்யூ 9 ஏ, எம்.டபிள்யூ 11 என்று ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டியிருந்தது. எது எந்த விமானத்துக்கு உரியது என்று சொல்லும் பட்டியல் மட்டும் உலகத்தில் எங்கேயும் இல்லை. கழித்துக்கட்டு என்று மேலாளர் உத்தரவு போட்டார். அண்ணன் கழித்துவிட்டார், ஆனால் அன்றிலிருந்து உறக்கம் போய்விட்டது. எண் இருக்கிறது, சாமான் இருக்கிறது, பட்டியல் இல்லை என்றால் ஒரு ஸ்டோர் கீப்பருக்கு அது தாங்காதாம்.

"அதுல என்ன கஷ்டம், ஒண்ணு ரெண்டுன்னு எழுதிப் போவ வேண்டியதுதானே?" என்றேன்.

"நம்ம ஊர்ல எத்தன அந்தோணி உண்டு?"

"கொள்ளாம், நல்ல கேள்விதான். எண்ணி முடியுமா?"

"அதேதான். ஒருத்தனுக்கு ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, வீட்டுப்பேரு ஒண்ணு, கேலிக்கு வச்ச வட்டப்பேரு ஒண்ணு. இந்த விமானத்துக்கும் கம்பெனி போட்ட எண் ஒண்ணு, கவர்மென்ட் போட்ட எண் ஒண்ணு, விக்கியதுக்கு வச்ச பேரு ஒண்ணு. மூணும் ஒரே ஆளுதானான்னு கண்டுபிடிக்கணும் ஏட்டி."

அதோடு தீரவில்லை. பதிமூன்றாம் எண்ணை அந்தக் கம்பெனி பயந்து விட்டுவிட்டது என்று ஒரு புத்தகம் சொல்லும். இல்லை, அது இருந்தது, 12 ஏ என்று பெயரை மாற்றிக்கொண்டது என்று அங்கே வேலை பார்த்த ஒருவரின் கடிதம் சொல்லும். இருபதாம் எண்ணை முதலில் ஒரு படகு விமானத்துக்குக் கொடுத்து, அது வரைபடத்தோடு நின்றுபோனதால், அதே எண்ணைத் தபால் விமானத்துக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். செய்தது, செய்யாமல் விட்டது, இறக்கையை மாற்றி எழுத்தைச் சேர்த்தது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு அட்டை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஹெலன் அம்மையாரின் தகப்பனார் அந்தக் கம்பெனியில் படம் வரைந்தவர். வீட்டில் கிடந்த அவருடைய காகிதங்களைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மா எழுதுவார். தனித்தனியாக இரண்டு சாட்சி கிடைக்காமல் எந்த எண்ணையும் அண்ணன் உறுதி செய்யமாட்டார். அதைக் கேட்டபோது எனக்கே ஒரு மரியாதை வந்தது, பத்திரத்துக்கும் இரண்டு சாட்சிதானே வேண்டும்.

இந்த வேலையில் அண்ணனுக்கு ஒரே துணை மைதீன் காக்கா. காக்கா என்றால் அவர்கள் வழக்கத்தில் அண்ணன். அதே கிடங்கில் சாமான் வண்டி ஓட்டியவர், அந்த அலமாரியைக் கொட்டகையிலிருந்து இறக்கியவரும் அவர்தான். ஊருக்கு வந்து ஜெராக்ஸ் கடை போட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் நேராக எங்கள் வீடு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துச் சண்டை போடுவார்கள். அவரையும் நான் நம்பவில்லை. வாராவாரம் ஒரு ஆள் வந்து போனால் ஏதாவது ஒரு லாபம் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்புத் தேயிலையைத் தவிர அவர் எதுவும் எடுத்துப் போனதாகத் தெரியவில்லை.

ஐந்து ஆண்டுகளில் பட்டியல் முடிந்தது. இங்கிலாந்தில் பழைய விமானப் பைத்தியங்கள் நடத்தும் ஒரு சின்னப் பத்திரிகையில் அதைப் போடுவதாக ஹெலன் அம்மையார் எழுதியிருந்தார். அண்ணன் அன்று மயினியிடம் இரண்டு தடவை காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார், அவ்வளவு சந்தோஷம். அனுப்புவதற்கு நகல் எடுக்கப் பெட்டியை மைதீன் காக்கா கடைக்குக் கொண்டுபோனார். பெட்டி வீட்டைவிட்டுப் போனால் ஒரு நோட்டில் கையெழுத்து. திரும்பி வந்தால் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து. உடன்பிறந்தவளாக இருந்தாலும் அதுதான் சட்டம். ஒரு வியாழக்கிழமை காக்கா பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். நகல்களை அடுக்கித் தைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். அண்ணன் அப்போது காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். எண்ணவில்லை, படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். மயினி மருந்து வாங்கப் போயிருந்தார். ஜெரோமுக்கு வளைகுடாவில் வேலை அமைந்து பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்தோம். அதற்கான விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் சாதாரண உடுப்பில் வந்தார். மகனைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு தகப்பனைப் பற்றிக் கேட்டார்.

"ஒங்க அண்ணனுக்கு வெளிநாட்டுத் தபால் நெறைய வருதாமே?"

"ஸ்டாம்பு சேக்குறவரு" என்றேன், கண்ணிமைக்காமல்.

"விமானப் படமெல்லாம் வச்சிருக்காராம்?"

"யாரு சொன்னது?"

"யாராவது சொல்லாம நாங்க வருவமா? கடக்கரையில இப்ப எல்லாத்தையும் பாக்க வேண்டியிருக்கும்மா. நாளைக்கு எங்க சார் வருவாங்க. இருக்கிறத எடுத்து வைங்க."

அவர் போனதும் வாசல் கதவைத் தாழிட்டேன். யார் சொல்லியிருப்பார்கள்? தபால்காரரா, அடுத்த வீட்டாளா, மைதீன் காக்காவேதானா? உண்மையை எழுத உட்கார்ந்தவள் பாதியை மட்டும் எழுதக் கூடாது. அந்த நேரத்தில் நான் அண்ணனையே சந்தேகப்பட்டேன். கடல் வந்த அன்று நகையை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினாரே, வெறும் பெயருக்காக ஒரு மனிதன் அப்படிச் செய்வானா? பெட்டியைத் திறந்தேன். பெரும்பாலும் கறுப்பு மை. நடுநடுவே சில அட்டைகள் முழுக்கச் சிவப்பு மை, ஓரத்தில் கேள்விக்குறி. எங்கள் ஆபீஸில் தடை உள்ள சொத்தையும் வழக்கு உள்ள சொத்தையும் சிவப்பு மையில்தான் குறிப்போம். சிவப்பில் இருப்பது எதுவும் நல்லதில்லை, பிடிபட்டால் அதில்தான் பிடிபடுவோம் என்று என் கை தானாக முடிவு செய்தது. கறுப்பை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் பொறுக்கினேன். முப்பத்தொன்று. அண்ணன் உள்ளறையில் உறங்கிக்கொண்டிருக்க, தேங்காய்ச் சவுரி நார் எரிந்த அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டு எரித்தேன்.

ஆம், நான்தான்.

மறுநாள் எந்த சாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு யாருமே வரவில்லை. பாஸ்போர்ட் தானாக வந்தது, ஜெரோம் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டு எழுந்த அண்ணன் முதல் வேலையாகப் பெட்டியை எண்ணினார். நூற்று எண்பத்து மூன்று. மறுபடி எண்ணினார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, பெட்டியத் தொட்டியா?"

"எனக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். பொய்கூட நான் நேராகச் சொல்லவில்லை, கேள்வியாகச் சொல்லித் தப்பித்தேன்.

பூசை முடிந்து தெருவில் ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது மைதீன் காக்கா ஒரு துணிப்பையோடு வாசலுக்கு வந்தார். அண்ணன் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"மைதீனே, முப்பத்தொண்ணு எங்கடே?"

"எது?"

"சிவப்பு. போனது அம்புட்டும் சிவப்பு. ஒரு சாட்சி மட்டும் கிடச்சது, உறுதியில்லாதது, அதத்தான் சிவப்புல எழுதுவேன்னு தெரிஞ்சவன் லோகத்துல ரெண்டு பேரு. நானும் நீயும்."

"நான் எண்ணித்தானே தந்தேன். நீ நோட்டுல ஒப்பு போட்டியே?"

"எண்ணாம ஒப்பு போட்டேன். ஒன்னய நம்பிப் போட்டேன்."

தெரு நின்றது. "இவனுவள எல்லாம் வீட்டுக்குள்ள ஏத்துனா இப்பிடித்தான்" என்று ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். அவர் கையிலும் இந்த மலர் இருக்கும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. காக்கா எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், பையை மார்போடு அணைத்துக்கொண்டு "செரி, நான் வாறேன்" என்று திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசல் ஏறவில்லை.

நகலாவது அவரிடம் இருக்குமே, ஆள் விட்டு வாங்கலாமே என்று மயினி சொன்னார். "கள்ளன் கையால நகல் வாங்கவா?" என்று அண்ணன் சீறினார். மீதியையாவது இங்கிலாந்துக்கு அனுப்புங்கள் என்று நானே சொன்னேன், எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். அதற்கு அவர் சொன்னார்: "சந்தேகத்த எடுத்துட்டு மிச்சத்த அனுப்பினா எல்லாம் உறுதின்னு நம்பிருவாவ. அது கள்ளப் பத்திரம் ஏட்டி. ஒனக்குத் தெரியாததா?"

இப்படியாக அண்ணனின் பட்டியல் எங்கேயும் போகவில்லை. நினைவிலிருந்து சிவப்பு அட்டைகளை மறுபடி எழுதிப் பார்ப்பார், நாலைந்து எழுதுவார், நம்பிக்கை இல்லாமல் கிழித்துப் போடுவார். ஹெலன் அம்மையாருக்கு இன்னும் முடியவில்லை என்றே எழுதிக்கொண்டிருந்தார். நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் போலீஸ் பயம். அது போன பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயம். அதோடு, பழி விழுந்தவர் நம் ஊர்க்காரர் இல்லை, நம் கோயில்காரர் இல்லை. அவர் கள்ளன் என்றதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லாரும் டக்கென்று நம்பினீர்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கடைசி ஆண்டில் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். மயினி வீட்டுக்குப் போய்க் குளித்து வரும் நேரத்தில் நான் பக்கத்தில் இருப்பேன். ஒருநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "மைதீன் வந்தானா?" என்றார்.

"இல்லியே அண்ணே."

"ஏட்டி, அன்னைக்கு நான் எண்ணிட்டு ஒப்பு போட்டிருக்கணும். எண்ணாம வாங்கினது எனக்க தப்புதானே? அவன் எடுக்கலன்னா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு பாவிக்குக் கிடைக்காது. "கெடந்து உறங்குங்க அண்ணே" என்று போர்வையை இழுத்துவிட்டேன். நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அடக்கத்துக்கு மைதீன் காக்கா வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே தனியாக நின்றார். அவரோடு யாரும் பேசவில்லை. அப்போதும் என் புத்தி எப்படிப் போயிற்று தெரியுமா? இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறார் என்றுதான் போயிற்று. நண்பன் செத்ததற்கு ஒருவர் வந்து நிற்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ராத்திரி என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். காக்கா கடையில் தனியாக இருந்தார்.

"வாங்க தங்கச்சி. பெட்டியோட வந்திருக்கிய?"

"காக்கா, அந்த முப்பத்தொண்ணையும் எரிச்சது நான்."

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா வந்து ரேஷன் கார்டை நீட்டினார். காக்கா அதை நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சாவும்போதும் பறயலியா?"

"இல்ல."

"பின்ன எனக்கிட்ட என்னத்துக்கு வந்தா நீ?" அதுவரை மரியாதையாகப் பேசியவர் 'நீ' என்றார். பெட்டியை வாங்கி வெளியே எறியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய், பரணிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே தைத்த நகல்கள், இருநூற்றுப் பதினான்கும்.

"அன்னைக்கு இது எனக்க கையில இருந்துது. தொறந்து காட்டியிருந்தா, பாத்தியளா, அட்டைய எடுத்துட்டு நகல் கொண்டு வந்திருக்கான்னு சொல்லியிருப்பிய. கொண்டு வராட்டியும் கள்ளன். நான் என்ன செய்ய?"

எனக்கு அழுகை வந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. நகல்களை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கடைசில அவன் என்னயக் கேட்டானா?"

"கேட்டாரு காக்கா. மைதீன் வந்தானான்னு கேட்டாரு. அவன் எடுக்கலன்னான்னும் கேட்டாரு."

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்தப் பெரிய மனிதர் குலுங்கி அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த நான்கு நாளும் காலையில் அந்தக் கடைக்குப் போனேன். ஜெராக்ஸில் சிவப்பு எது, கறுப்பு எது என்று தெரியாது, எல்லாம் ஒரே கறுப்பு. ஆனால் நான் எரித்தது அத்தனையும் சிவப்பு, சிவப்பில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஆகவே நகலில் இருந்து பெட்டியில் இல்லாதது எதுவோ அதெல்லாம் அண்ணன் சந்தேகப்பட்டது. காக்கா ஒவ்வொன்றாக வாசிக்க, நான் சிவப்பு மையில் எழுதினேன். 13, 12 ஏ, முதல் 20, பெயர் மட்டும் இருந்து படமே இல்லாத 27 என்று முப்பத்தொன்றும் திரும்பி வந்தன. பட்டியலை ஜெரோம் டைப் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினான். ஹெலன் அம்மையாரும் இப்போது இல்லை. அவருடைய உறவுப் பெண் ஒருவர், அண்ணனின் பெயரைப் போட்டே அச்சிடுவதாகப் பதில் எழுதியிருக்கிறார். அச்சான பிறகு பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் நம்புவேன்.

நான்காம் நாள் கிளம்பும்போது மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் படச்சவன்கிட்ட கேளு. ஒனக்க அண்ணன் கேட்டதுல தப்பில்ல, அந்த இடத்துல நானா இருந்தாலும் அப்பிடித்தான் கேட்டிருப்பேன். ஆனா என்னக் கள்ளன்னு கேட்டது தெருவுல வச்சு. ஒனக்க வாயால அதே ஆளுவளுக்கிட்டப் பறயணும். எனக்க பேரு இருக்கணும், ஒனக்க பேரு இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம், ஒரு வரி போதும்."

அதற்காகத்தான் இந்தக் கட்டுரையை நான் கேட்டு வாங்கினேன். மயினிக்கு இது அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். மயினி, என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னாலும் அது நியாயம்தான். ஜெரோமிடம் மட்டும் முன்கூட்டிச் சொன்னேன், அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அண்ணனின் நோயில் இரவு பகல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், கடல் வந்த நாளில் இடம் கொடுத்த அருமனைச் சித்தி குடும்பத்தாருக்கும், பூசை வைத்த பங்குத்தந்தைக்கும், சவப்பெட்டியைச் சுமந்து கல்லறைவரை வந்த தெருக்காரர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. மைதீன் காக்காவுக்கு நன்றி என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவர் கேட்ட வரியை மட்டும் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய்ச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள்.

இனயத்தில் எங்கள் அண்ணனின் பெட்டியிலிருந்த முப்பத்தொரு அட்டைகளைத் தேங்காய்ப்பட்டணம் மைதீன் எடுக்கவில்லை. எடுத்து அடுப்பில் போட்டவள் அந்த அண்ணனின் உடன்பிறந்த தங்கை, அருள்மேரி.